கீழ்த்தளச் சுவர் விரிசலில் தண்ணீர் கசிகிறதா? இன்ஜெக்‌ஷன் போட்டு அடைக்கும் முறை

கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர் பக்கம் கடைகளும் மருத்துவமனைகளும் கல்யாண மண்டபங்களும் இப்போது கீழ்த்தளம் வைத்தே கட்டப்படுகின்றன. வீடுகளில் கீழ்த்தளம் அபூர்வம், ஆனால் மண்ணுக்குள் இறக்கிய சம்ப் பல வீடுகளில் உண்டு. ஐப்பசியில் அடைமழை பிடித்து, வாய்க்காலும் நிரம்பி ஓடும்போது இரண்டிலும் ஒரே தொல்லை: சுவர் விரிசல் வழியே வெளித் தண்ணீர் உள்ளே வருகிறது.

உடனே கொத்தனாரைக் கூப்பிட்டு, வாட்டர்ப்ரூஃப் பவுடர் கலந்த சாந்தை உள்பக்கம் பூசச் சொல்கிறோம். அது நிற்பதில்லை. வெளியே மண்ணில் தண்ணீர் நிற்கும் ஒவ்வொரு மீட்டர் உயரத்துக்கும் சதுர மீட்டருக்கு ஒரு டன் அழுத்தம் வருகிறது. இரண்டு மீட்டர் ஆழத்தில் இரண்டு டன். உள்பூச்சை அது பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே இருக்கும். சுவரின் கனத்துக்குள்ளேயே, விரிசலின் வயிற்றிலேயே அடைத்தால்தான் தண்ணீர் நிற்கும். இன்ஜெக்‌ஷன் முறையின் வேலை அதுதான்: சுவரில் துளை போட்டு, அடைக்கும் கெமிக்கலைப் பம்ப்பால் விரிசலுக்குள் ஏற்றுவது.

முதலில் சுவரைப் படியுங்கள்

இந்த முறை கான்கிரீட் சுவருக்கானது. செங்கல் சுவரில் அதிக அழுத்தம் கொடுத்தால் கெமிக்கல் செங்கல் இடுக்குகளில் பரவி வீணாகும், சில நேரம் பூச்சையும் பெயர்த்துவிடும். செங்கல் சுவருக்குக் குறைந்த அழுத்தத்தில் சிமென்ட் கிரவுட்டிங்தான், அதாவது சிமென்ட் கரைசலை ஏற்றுவதுதான், பொருத்தம். சுவர் முழுக்கப் பரவலாக ஓதம் ஏறியிருந்தாலும் இன்ஜெக்‌ஷன் உதவாது. கோடாகத் தெரியும் விரிசல், சுவரும் தரையும் சேரும் மூலை, ஒருநாள் கான்கிரீட்டும் மறுநாள் கான்கிரீட்டும் சேர்ந்த ஜாயின்ட் ஆகிய மூன்றும்தான் இதற்கு ஏற்றவை.

கசிவு எங்கே என்று தெரியவில்லையா? வெள்ளையாகச் சுண்ணாம்பு படிந்த கோட்டைத் தேடுங்கள். கான்கிரீட்டில் உள்ள சுண்ணாம்பைத் தண்ணீர் கரைத்துக் கொண்டுவந்து விட்டுப்போன தடம் அது. மழை நாளிலேயே பென்சிலால் இரு முனைகளையும் குறித்து, பக்கத்தில் தேதியும் எழுதி வையுங்கள். வெயில் காலத்தில் அந்த இடத்தைக் கண்டுபிடிக்கப் பெரும்பாடாகிவிடும்.

வெள்ளைக்குப் பதில் துருவின் செம்பழுப்புக் கறை வழிந்திருந்தால் நிறுத்திக்கொள்ளுங்கள். உள்ளே கம்பி துருப்பிடித்து வீங்கி கான்கிரீட்டை உடைக்கிறது. நாகப்பட்டினம், வேதாரண்யம் மாதிரி உப்புத் தண்ணீர் உள்ள கடலோரத்தில் இது மிகவும் சகஜம். அதன்மேல் கெமிக்கல் ஏற்றினால் துரு உள்ளேயே தொடரும். அங்கே கான்கிரீட்டை உடைத்துக் கம்பியைச் சுத்தம் செய்வதுதான் வழி, அதை இன்ஜினியர் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

இன்னொன்று: விரிசல் அசைகிறதா? பழைய டெல்டாவின் களிமண் சித்திரையில் சுருங்கி வெடிக்கும், மழையில் ஊறி உப்பும். அதன்மேல் நிற்கும் சுவரின் விரிசலும் கோடையில் அகன்று கார்த்திகையில் நெருங்கலாம். விரிசலுக்குக் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை எப்பாக்ஸியால் ஒட்டி, தேதி எழுதி, ஒரு பருவம் விட்டுப் பாருங்கள். கண்ணாடி உடைந்தால் விரிசல் உயிரோடு இருக்கிறது என்று பொருள்.

எந்தக் காலம், எந்தக் கெமிக்கல்

கடைக்காரர் கொடுப்பதை வாங்கி வராமல், இங்கே கொஞ்சம் நின்று யோசியுங்கள். பாதி வேலை இந்த முடிவில்தான் இருக்கிறது.

எப்பாக்ஸி கெட்டியாகி, விரிசலின் இரு பக்கத்தையும் ஒன்றாகப் பிணைக்கும், சுவரின் பலத்தையும் மீட்டுத் தரும். ஆனால் சாதாரண எப்பாக்ஸிக்கு விரிசல் காய்ந்திருக்க வேண்டும், அசையவும் கூடாது. அசையும் விரிசலில் போட்டால் அந்த இடம் பிடித்துக்கொள்ளும், பக்கத்தில் புது விரிசல் விடும்.

பாலியூரித்தேன், அதாவது பி.யூ., தண்ணீரோடு சேர்ந்தால் நுரைத்துப் பெருகி அடைக்கும். ஒழுகிக்கொண்டிருக்கும் விரிசலுக்கு இதுதான். இதிலும் இரண்டு வகை. தண்ணீரை உறிஞ்சி ஜெல்லாக வீங்கும் வகை, காய்ந்தால் சுருங்கிவிடும். நம் ஊரில் நிலத்தடி நீர் கோடையில் இறங்கி மழையில் ஏறும். ஒரு கோடையில் சுருங்கினால் அடுத்த ஐப்பசியில் மறுபடி ஒழுகும். ஆகவே தண்ணீரை விலக்கும் வகையைக் கேட்டு வாங்குங்கள். ஹைட்ரோஃபோபிக் என்று டப்பாவில் போட்டிருக்கும்.

மேட்டூர் அணையை ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவது மரபு. மூடியபின் வாய்க்கால் வற்றும், மண்ணும் காயும். ஆகவே பங்குனி முதல் வைகாசி வரை எப்பாக்ஸிக்கு நல்ல காலம். மழைக்காலத்தில் ஒழுகும்போதே செய்ய வேண்டுமென்றால் பி.யூ.

சம்ப் என்றால் இதைப் படிக்காமல் இறங்காதீர்கள்

மழைக்காலத்தில் சம்பை முழுவதும் காலி செய்யக் கூடாது. 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலமுள்ள தொட்டி. அடித்தளத்துக்கு மேல் ஒன்றரை மீட்டர் உயரத்துக்கு வெளியே தண்ணீர் நிற்கிறது என்று வையுங்கள். தொட்டியை மேலே தூக்கும் விசை 9 டன். உள்ளே தண்ணீரும் இல்லாமல், சுவரும் மெல்லியதாக இருந்தால் அடித்தளம் வெடிக்கலாம், தொட்டியே கிளம்பவும் கிளம்பலாம். சம்ப் வேலையைக் கோடைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நாட்பட மூடிக் கிடந்த தொட்டியில் ஆக்சிஜன் குறைந்திருக்கும். காற்று ஊதும் ப்ளோயர் வைக்காமல், மேலே ஓர் ஆள் நிற்காமல் யாரும் இறங்கக் கூடாது. உள்ளே மயங்கியவரைத் தூக்கக் குதித்தவரும் செத்துப்போன செய்திகளை நாம் படித்துக்கொண்டே இருக்கிறோம். குடிதண்ணீர்த் தொட்டியாக இருந்தால், குடிநீருக்கு ஏற்றது என்று சான்று உள்ள கெமிக்கலையே வாங்குங்கள்.

ஈரத்தில் ட்ரில் பிடிப்பதால் 30 மில்லி ஆம்பியர் கரண்ட் கசிந்தாலே தானாகத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. சுவிட்ச் வழியாகத்தான் கரண்ட் எடுக்க வேண்டும். கண்ணாடி, கையுறை, மாஸ்க் கட்டாயம். இந்தக் கெமிக்கல்கள் தோலுக்கும் மூச்சுக்கும் ஒவ்வாமை தரக்கூடியவை.

துளை போடுவது

ஒயர் பிரஷ்ஷால் விரிசலின் இரு பக்கமும் பூச்சு, பெயின்ட், வெள்ளைப் படிவு எல்லாவற்றையும் தேய்த்து எடுங்கள். கோடு தெளிவாகத் தெரிய வேண்டும்.

துளையை விரிசலின் மேலேயே போடக் கூடாது. பக்கவாட்டில் தள்ளி, 45 டிகிரி சாய்வில் போட்டு, சுவரின் நடுக்கனத்தில் விரிசலை வெட்ட வேண்டும். கணக்கு எளிது: சுவர் 20 செ.மீ. என்றால் விரிசலிலிருந்து 10 செ.மீ. தள்ளி ஆரம்பியுங்கள். சாய்வாக 14 செ.மீ. போனதும் விரிசல் வரும். இன்னும் இரண்டு, மூன்று செ.மீ. போய் நிறுத்துங்கள். பிட்டில் அந்த அளவுக்கு டேப் சுற்றி வைத்தால் அளவு தப்பாது. ஒன்று இடப்பக்கம், அடுத்தது வலப்பக்கம் என்று மாற்றி மாற்றி, 15 முதல் 20 செ.மீ. இடைவெளியில் போடுங்கள். விரிசல் சுவருக்குள் நேராகப் போகாமல் சாய்ந்திருக்கலாம், எந்தப் பக்கம் என்று வெளியிலிருந்து தெரியாது. அதற்காகத்தான் இரு பக்கமும்.

பிட் விரிசலைத் தொட்டது கைக்கே தெரியும். அதுவரை மாவு போல வந்த சாம்பல் தூள் ஒரு கணத்தில் ஈரமாகிக் குழம்பாக வழியும், மெஷினின் முக்கலும் சற்றுத் தளரும். ஒழுகும் விரிசலில் துளை வழியே தண்ணீரே எட்டிப் பார்க்கும். அப்படி வந்த துளைதான் நல்ல துளை. கம்பியில் பட்டு மெஷின் துள்ளினால் அழுத்தாதீர்கள், சற்றுத் தள்ளி வேறு துளை போடுங்கள்.

எல்லாத் துளைகளையும் தண்ணீர் பீய்ச்சித் தூள் போகக் கழுவுங்கள். தூள் தங்கினால் அதுவே அடைத்துக்கொண்டு கெமிக்கலை விடாது. எப்பாக்ஸி போடுவதானால் தண்ணீர் வேண்டாம், காற்று ஊதினால் போதும்.

பிறகு ரப்பர் வளையமுள்ள பேக்கரை, அதாவது கெமிக்கல் ஏற்றும் சிறு குழாயை, ஒவ்வொரு துளையிலும் செருகி ஸ்பேனரால் முறுக்குங்கள். ரப்பர் உப்பித் துளையைக் கவ்வ வேண்டும். அகலமான விரிசலின் வாயைச் சில நிமிடங்களில் இறுகும் சிமென்ட்டால் மூடுங்கள். மயிரிழை விரிசலைத் திறந்தே விடலாம்.

பி.யூ. ஏற்றுவது

முதலில் பம்ப்பில் வெறும் தண்ணீர் ஊற்றி ஒவ்வொரு பேக்கர் வழியாகவும் ஏற்றிப் பாருங்கள். எந்தத் துளை எதோடு இணைந்திருக்கிறது என்பது தெரியும், காய்ந்த இடமும் நனையும். பிறகு அந்தத் தண்ணீர் துளிகூட இல்லாமல் பம்ப்பைக் காய வைத்துவிட்டுத்தான் பி.யூ. ஊற்ற வேண்டும், இல்லையென்றால் பம்ப்புக்குள்ளேயே நுரைக்கும். ஐப்பசிக் காற்றின் ஈரத்துக்கே திறந்த டப்பாவில் ஆடை படியும். தேவைப்படும் அளவு மட்டும் ஊற்றி டப்பாவை மூடிவிடுங்கள்.

செங்குத்து விரிசலில் கீழேயிருந்து மேலே, கிடை விரிசலில் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு. மெதுவாக அழுத்துங்கள். விரிசல் வழியே முதலில் தெளிந்த தண்ணீர் வெளியேறும், பிறகு பால் கலந்தது போல வெளுக்கும், அதன்பின் பழுப்பு நிற நுரை பிதுங்கும். அடுத்த பேக்கர் பக்கம் நுரை வந்ததும் நிறுத்தி, அந்த பேக்கருக்கு மாறுங்கள். பம்ப்பின் அழுத்தம் காட்டும் முள் சட்டென்று ஏறினால் கையை எடுத்துவிடுங்கள். அவசரப்பட்டு அழுத்தினால் கான்கிரீட் சில்லு பெயரும்.

கடைசி வரை போனபின் சிறிது நேரம் விட்டு, முதல் பேக்கரிலிருந்து மறுபடி ஒரு சுற்று ஏற்றுங்கள். இந்த இரண்டாம் சுற்றைப் பலரும் விட்டுவிடுகிறார்கள், வேலை தோற்பது பெரும்பாலும் இங்கேதான். தண்ணீர் கொப்பளித்து வந்த இடத்தில் நுரை மட்டும் போதாது. நுரையால் ஓட்டத்தை நிறுத்தி, பிறகு நுரைக்காத அடர்த்தியான பி.யூ. ரெசினை அதே பேக்கர்கள் வழியே ஏற்றினால் நாள்பட நிற்கும்.

வேலை முடிந்ததும் பம்ப்பை உடனே கம்பெனி சொல்லும் சால்வென்ட் விட்டுக் கழுவுங்கள்.

கோடையில் எப்பாக்ஸி என்றால்

துளைகளும் பேக்கரும் அப்படியேதான். விரிசலின் வாயை மட்டும் முழுநீளத்துக்கும் எப்பாக்ஸி பட்டியால் மூடி, அது இறுகிய பிறகே ஏற்ற வேண்டும். சித்திரை வெயிலில் கலந்த எப்பாக்ஸி வாளியிலேயே சூடேறிக் கட்டியாகிவிடும். காலையில் வேலையைத் தொடங்குங்கள், சிறு சிறு அளவாகக் கலந்துகொள்ளுங்கள்.

பேக்கரைக் கழற்றியபின்

மறுநாள் பேக்கர்களைக் கழற்றி, துளைகளைச் சுருங்காத சாந்தால் அடைத்து, வழிந்ததைச் சுரண்டி எடுங்கள். பெயின்ட் அடிக்க அவசரம் வேண்டாம். ஒரு மழைக்காலம் சுவரை வெறுமையாகவே விட்டு, பென்சில் குறிகளுக்கு அப்பால் ஈரம் தெரிகிறதா என்று பாருங்கள். ஒரு வழி அடைபட்டால் தண்ணீர் அழுத்தம் அடுத்த பலவீனமான இடத்தைத் தேடும், பெரும்பாலும் தரை மூலையை. அங்கே ஈரம் கண்டால் அந்த நீளத்துக்கு மட்டும் மறுபடி துளை போட்டு ஏற்றினால் போதும்.