ஏளனப் பகுதியைக் கூடி வாசிக்கும் முறை

தவக்காலத்தில் வன்னியில் ஒரு வீட்டு முற்றத்தில் கூடும்போது, படைவீரர் இயேசுவை ஏளனம் செய்யும் மாற்கு 15:16–20 பகுதியை ஒருவர் நிறுத்தி நிறுத்தி உரக்க வாசிக்கட்டும். அரச உடை, முள்முடி, 'யூதரின் அரசரே, வாழ்க' என்ற கேலி வணக்கம் என்று படைவீரர் நடிப்பது ஒரு முடிசூட்டு விழா. அவர்கள் பொய்யென்று எண்ணிச் சொன்னதையே நற்செய்தியாளர் உண்மையாகக் காட்டுகிறார் என்பதை இங்கே ஆறுதலாகக் கவனிக்க வேண்டும். தலையில் விழும் நாணல் கோலையும் தவறவிடாதீர்கள். மத்தேயுவில் அதுவே கையில் திணிக்கப்பட்ட செங்கோல்.

அடுத்து, திருப்பாடல் 22:8ஐ மத்தேயு 27:43உடன் ஒப்பிடுங்கள். நீதிமானைப் பழித்த சொற்களே சிலுவையடியிலும் ஒலிக்கின்றன.

2009இல் வன்னிப் போரில் பிள்ளையை இழந்த தாய் ஒருவர் அங்கிருந்தால், துன்பத்துக்குக் காரணம் சொல்ல முற்படாதீர்கள். அந்தப் பாடலே 'ஏன் என்னைக் கைவிட்டீர்' என்றுதான் தொடங்குகிறது. அவர் பேசும்வரை காத்திருங்கள்.