மர ப்ரொப்பெல்லரைச் செய்தது யார்? தேடத் தொடங்குவோருக்கு ஒரு செய்முறை

1909 ஜூலை 25 அன்று லூயி பிளேரியோ விமானத்தில் ஆங்கிலக் கால்வாயைக் கடந்தார். அவரது புகழ் ஊரறிந்தது. வால்நட் பலகைகளை அடுக்கி ஒட்டி, இழைத்து, அந்த விமானத்துக்கு ப்ரொப்பெல்லர், அதாவது இன்ஜின் சுழற்றும் விசிறி, செய்து தந்த பாரிஸ்காரர் லூசியன் ஷோவியேரைப் பற்றிப் பேசுவோர் குறைவு. இப்படி மறைந்துபோன பட்டறைகளைத் தேடும் வழி இது.

முதல் படி: மரத்தைப் பாருங்கள். பழைய ப்ரொப்பெல்லரில் முக்கியமான இடம் நடுப்பகுதி; வண்டிச் சக்கரத்துக்குக் குடம் போல. தயாரிப்பாளர் பெயர், வரிசை எண், எந்த இன்ஜினுக்கு, எத்தனை குதிரைத் திறன் என்பதெல்லாம் பெரும்பாலும் அங்கேதான் குத்திப் பதிக்கப்பட்டிருக்கும். டார்ச் விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் மங்கிய எழுத்தும் நிழலில் தெளியும். அந்த நிலையில் படமெடுங்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவோ புது வார்னிஷ் பூசவோ வேண்டவே வேண்டாம். எழுத்து போனால் வரலாறும் போயிற்று.

அடுத்து, எண்களைப் பிரித்தறியுங்கள். 'டி' (D) என்ற எழுத்தை அடுத்து வருவது விட்டம். 'பி' (P) என்றால் பிட்ச், அதாவது ஒரு சுற்றுக்கு முன்னேற வேண்டிய கணக்குத் தூரம். இரண்டும் பெரும்பாலும் மில்லிமீட்டரில் இருக்கும். விட்டத்தை நீங்களே அளந்து ஒப்பிடுங்கள். குறைந்தால் நுனி வெட்டப்பட்டிருக்கலாம். முதல் உலகப் போருக்குப் பிறகு பலர் இவற்றை அறுத்து, நடுவே கடிகாரம் பதித்து வைத்துக்கொண்டார்கள். 'ஏ.ஐ.டி.' (AID) முத்திரை இருந்தால் பிரிட்டிஷ் அரசின் ஆய்வாளர் பார்த்து ஒப்புக்கொண்டது என்று பொருள்.

இன்ஜின் பெயர் காலத்தையும் காட்டிக்கொடுக்கும். 160 குதிரைத் திறன் மெர்சிடஸ் டி.3 இன்ஜின் வந்தது 1914இல். அதற்கென்று செய்த ப்ரொப்பெல்லரை யாராவது 1911ஆம் ஆண்டுச் சரக்கு என்று விற்றால் நம்பாதீர்கள்.

மூன்றாவது படியில்தான் புதியவர்கள் வழுக்குகிறார்கள். பெயரைக் கண்டதும் தேடலை நிறுத்திவிடக் கூடாது. ஷோவியேரின் ப்ரொப்பெல்லர்களுக்கான 'அன்டெக்ரால்' என்ற வணிகப் பெயரில் லண்டனிலும் ஜெர்மனியின் பிராங்க்பர்ட்டிலும் நிறுவனங்கள் இயங்கின. முதல் உலகப் போரில் தேவை பெருகியபோது மரச்சாமான் செய்தவர்களும் பியானோ செய்தவர்களும் பிறர் வரைபடத்தை வைத்து ப்ரொப்பெல்லர் செதுக்கினார்கள். ஆகவே வடிவமைத்தவர் யார், செதுக்கியவர் யார் என்று தனித்தனியே குறித்துக்கொள்ளுங்கள்.

பிறகு அச்சிட்ட இதழ்களுக்கும் ஆவணங்களுக்கும் போங்கள். பிரிட்டிஷ் விமான இதழான 'ஃப்ளைட்' 1909இல் தொடங்கியது. கட்டுரைகளைவிட அதன் விளம்பரப் பக்கங்களே எனக்குப் பிடித்தவை. இங்கிலாந்தில் வேபிரிட்ஜ் ஊரின் லாங் போன்ற ப்ரொப்பெல்லர் நிறுவனங்களின் முகவரியும் காலமும் அங்கே துலங்கும். பிரெஞ்சு இதழ்களுக்கு அந்நாட்டுத் தேசிய நூலகத்தின் 'காலிக்கா' தளம் இலவசம். காப்புரிமைக்கு 'எஸ்பாஸ்நெட்' என்ற இணையத் தளம். பிரிட்டிஷ் நிறுவனம் கலைக்கப்பட்ட அறிவிப்பு வேண்டுமானால் அந்நாட்டு அரசிதழான 'லண்டன் கெசட்'. ஜெர்மன் தயாரிப்பாளர்களில் பெர்லினின் கருடா, ஹைனே ஆகியவற்றிலிருந்து தொடங்கலாம். அமெரிக்காவில் ஒஹையோவின் பிகுவா நகரில் 1917இல் பிறந்த ஹார்ட்செல் நிறுவனம் இன்றும் இயங்குகிறது.

எழுத்தே இல்லாத ப்ரொப்பெல்லர் கிடைத்தால், நடுத்துளையின் விட்டம், போல்ட் துளைகளின் எண்ணிக்கை, அவை அமைந்த வட்டத்தின் விட்டம், பலகை அடுக்குகளின் எண்ணிக்கை ஆகியவற்றை அளந்தெடுங்கள். எந்த இன்ஜினின் தண்டில் அது பொருந்தும் என்பதை இந்த அளவுகளைக் கொண்டு தேடலாம். அருங்காட்சியகத்துக்கு எழுதும்போது இரு பக்கப் படங்களோடு இவற்றையும் சேர்த்தே அனுப்புங்கள்.