ஓடாதுன்னு தெரிஞ்சே ஒரு கிராவிட்டி வீல் செய்யறது எப்படி

எங்க மாமா ரிட்டையர் ஆனதுலேருந்து ஃப்ரீ எனர்ஜி, அதாவது எரிபொருள் இல்லாம தானா ஓடும்னு சொல்ற மிஷின் வீடியோவா பாத்துத் தள்றாரு. போன வருஷம் ஒருத்தர்கிட்ட "கிராவிட்டி ஜெனரேட்டர்" வாங்க 15,000 ரூபாய் அட்வான்ஸ் குடுக்க கிளம்பிட்டாரு. பிசிக்ஸ் சொல்லிப் பாத்தேன், "நீ புஸ்தகத்துல படிச்சவன், அவன் கையில செஞ்சவன்"னுட்டாரு. சரி மாமா, அப்ப நாமளும் கையிலயே செஞ்சு பாப்போம், ஓடுச்சுன்னா நானே காசு தர்றேன்னு சொல்லி ரெண்டு பேரும் மூணு ஞாயித்துக்கிழமை உக்காந்து ஒன்னு செஞ்சோம். அதைத்தான் எழுதறேன், உங்க வீட்லயும் இப்படி ஒரு மாமா இருந்தா உதவும்.

ஐடியா ரொம்ப பழசு. 628லயே பிரம்மகுப்தர் பாதரசம் அடைச்ச சக்கரம் பத்தி எழுதியிருக்காரு, 1150ல ரெண்டாம் பாஸ்கரர் சித்தாந்த சிரோமணில அதே மாதிரி ஒன்னு சொல்றாரு, ஆரக்கால் உள்ள காலியா இருக்கும், அதுல பாதி பாதரசம். 13ஆம் நூற்றாண்டுல பிரான்ஸ்ல வில்லார் த ஒன்னெகூர்னு ஒருத்தர் தன் நோட்டுல 7 சுத்தியல் தொங்கற சக்கரம் வரைஞ்சு வெச்சிருக்காரு. எல்லாத்துக்கும் அடிப்படை ஒன்னுதான்: இறங்கற பக்கம் எடை வெளிய தள்ளி நிக்கணும், ஏர்ற பக்கம் உள்ள ஒட்டி வரணும், அப்ப ஒரு பக்கம் எப்பவும் பாரமா இருக்கும், சக்கரம் சுத்திக்கிட்டே இருக்கும். பேப்பர்ல பாத்தா எவனுக்கும் ஆசை வரும், எனக்கே வந்துச்சு.

தேவையானது: பழைய 28 இஞ்ச் சைக்கிள் முன் சக்கரம், டயர் ட்யூப் கழட்டினது. 6 மி.மீ பிளைவுட், 72 செ.மீ விட்டத்துல வட்டமா வெட்டினது (மரக்கடையிலயே வெட்டிக் குடுப்பாங்க). 17 செ.மீ நீளத்துல 8 மரப்பட்டை, 16 ஆணி, கட்டுக்கம்பி, எம் சீல். அப்புறம் ஒவ்வொன்னும் 100 கிராம் வர்ற மாதிரி 8 செட் போல்ட்டு நட்டு. கடையில ஒரே சைஸ்னு குடுப்பான், நம்பாதீங்க, மளிகைக்கடை எலக்ட்ரானிக் தராசுல போட்டுப் பாத்து வாஷர் சேத்து சேத்து சமமாக்குங்க. எங்களுதுல ஒன்னு 91 கிராம் இருந்துச்சு, அதை அப்படியே விட்டிருந்தா பின்னாடி எல்லா பழியும் அது மேல போயிருக்கும்.

முதல்ல பேரிங். கோனை (பேரிங்கை ரெண்டு பக்கமும் புடிக்கற கூம்பு நட்டு) கழட்டி பழைய கிரீஸை மண்ணெண்ணெய்ல கழுவிட்டு, பால்ஸ் தேஞ்சிருந்தா மாத்திட்டு, கிரீஸ் போடாம ரெண்டு சொட்டு தையல் மிஷின் எண்ணெய் மட்டும் விடுங்க. கோன் டைட்டா இருக்கக்கூடாது, ஆட்டமும் இருக்கக்கூடாது. இதுல சோம்பேறித்தனம் பண்ணாதீங்க, ஏன்னா கடைசில சக்கரம் நின்னதும் எல்லாரும் சொல்ற முதல் சாக்கு "பேரிங் சரியில்ல"தான். அந்த சாக்கை இப்பவே புடுங்கிடணும்.

பிளைவுட்டை சக்கரத்தோட ஆரக்கம்பியோட சேத்து கட்டுக்கம்பியால கட்டுங்க. சக்கரத்தை ஃபோர்க்ல மாட்டாதீங்க. நாங்க முதல் ஞாயிறு அப்படித்தான் மாட்டினோம், பட்டை எல்லாம் ஃபோர்க் காலுல போய் இடிச்சு நின்னுச்சு, மாமா அதையே காரணமா புடிச்சிக்கிட்டாரு. ஆக்ஸிலோட ஒரு முனையை மட்டும் ஒரு எல் ஆங்கிள்ல நட்டு போட்டு இறுக்கி, ஆங்கிளை டேபிள் ஓரத்துல சி கிளாம்ப் போட்டு புடிங்க, சக்கரம் டேபிளுக்கு வெளிய தொங்கணும். டேபிள் மேல ஒரு கல்லு வையுங்க, இல்லன்னா டேபிளே சாயும்.

இப்ப எடை எதுவும் மாட்டாம மெதுவா சுத்தி விடுங்க. எப்பவும் ஒரே இடம் கீழ வந்து நிக்குதா? அங்க கனம் ஜாஸ்தி. நேரெதிர்ல கொஞ்சம் எம் சீல் ஒட்டுங்க, எங்க விட்டாலும் அங்கயே நிக்கற வரைக்கும். எங்களுக்கு இதுக்கே ஒரு மணி நேரம் ஆச்சு. மாமாவுக்கு பொறுமை போயிடுச்சு, ஆனா ஆத்துல போட்டாலும் அளந்து போடணும்னு எனக்கு சொல்லிக் குடுத்ததே அவருதான்.

அடுத்து கை, அதாவது அந்த மரப்பட்டைங்களை மாட்டறது. மையத்துலேருந்து 32 செ.மீ தள்ளி ஒரு வட்டம் போட்டு அதுல 8 புள்ளி, பக்கத்து புள்ளிக்கு நேர்கோட்டுல 24.5 செ.மீ வரும். ஒவ்வொரு புள்ளியிலயும் ஒரு பட்டையை சின்ன போல்ட்ல லூசா மாட்டுங்க, தாராளமா ஆடணும். அந்த போல்ட்லேருந்து 15 செ.மீ தள்ளி பட்டை நுனியில 100 கிராம் எடை. இனி ஒவ்வொரு கைக்கும் ரெண்டு ஆணி, கொண்டி மாதிரி தடுக்கறதுக்கு: ஒரு ஆணி, பட்டை சக்கர மையத்துலேருந்து நேரா வெளிய நீட்டி நிக்கற இடத்துல, அதுக்கு மேல முன்னாடி சாயக்கூடாது, இன்னொரு ஆணி, பின்பக்கம் 45 டிகிரி சாஞ்சதும் தடுக்கற மாதிரி. முன்பக்கம்னா சக்கரம் சுத்தற பக்கம். நாம எதிர்ல நின்னு பாத்தா கடிகார முள் சுத்தற பக்கமா ஓடப்போகுதுன்னு வெச்சுக்கோங்க.

மாட்டி முடிச்சதும் கையால மெதுவா சுத்திப் பாருங்க, பாக்கவே அழகா இருக்கும். மேல ஏறி வர்ற வரைக்கும் கை பின்னாடி சாஞ்சே வரும், உச்சியைத் தாண்டி 45 டிகிரி வந்ததும் டக்குனு வெளிய விழும். மாமா முகத்துல அப்ப வந்த சந்தோஷம் இருக்கே, எனக்கு கொஞ்சம் பாவமா கூட இருந்துச்சு.

எங்க கையை எடுத்தோம். கொஞ்சம் முன்ன பின்ன ஆடி நின்னுடுச்சு.

நின்ன இடத்துலதான் முக்கியமான வேலை, அப்படியே விட்டுட்டு போயிடாதீங்க. ஆக்ஸில்லேருந்து நூல்ல ஒரு நட்டு கட்டி தூக்குக்குண்டு மாதிரி தொங்க விடுங்க. பத்தடி தள்ளி நின்னு ஜூம் பண்ணி ஒரு போட்டோ எடுங்க, கிட்டக்க எடுத்தா கோணம் மாறி அளவு தப்பும். போட்டோல அந்த நூல்லேருந்து ஒவ்வொரு எடையும் கிடைமட்டமா எவ்ளோ தூரம்னு ஸ்கேல் வெச்சு அளந்து நிஜ செ.மீட்டருக்கு மாத்துங்க. எங்களுக்கு வந்தது: வலது பக்கம் மூணு எடை, 33, 47, 33, மொத்தம் 113. இடது பக்கம் நாலு எடை, 37, 43, 23, 11, மொத்தம் 114. எட்டாவது எடை நூலுக்கு நேர் கீழ, அது எந்தப் பக்கமும் சேராது. அந்த 1 செ.மீ ஸ்கேல் பிழை.

ஐடியா எங்க ஏமாத்துதுன்னு இதுல அப்படியே தெரியும். வலது பக்க கை நீளமாதான் நிக்குது, அதுல பொய் இல்ல. ஆனா எந்த வேலையால அந்தக் கை நீண்டுச்சோ அதே வேலையால அந்தப் பக்கம் இருக்கற எண்ணிக்கை குறைஞ்சிடுச்சு. படத்துல நம்ம கண்ணு தூரத்தை மட்டும் பாக்கும், தலையை எண்ணாது. 1586லயே சைமன் ஸ்டெவின்னு ஒருத்தர் இதை வேற மாதிரி காட்டிட்டாரு, முக்கோணக் கட்டை மேல ஒரு குண்டுமணி சங்கிலியை சுத்திப் போட்டா நீளமான சரிவுல குண்டு ஜாஸ்தி, செங்குத்தான சரிவுல கம்மி, சங்கிலி நகராது.

மாமா விடல. "தள்ளி விட்டா புடிச்சுக்கும், ஸ்டார்ட்டிங் டிரபுள்தான்"னாரு. நியாயமான கேள்வி, அதையும் டெஸ்ட் பண்ணுங்க, ஆனா கையால தள்ளாதீங்க, ஒவ்வொரு தடவையும் தள்ளு மாறும். ரிம் பள்ளத்துல நூலை சுத்தி நுனியில 2 கிலோ எடைக்கல்லை கட்டி, ஆக்ஸிலுக்கு 20 செ.மீ கீழேருந்து இன்னொரு 50 செ.மீ விழ விடுங்க, விழுந்ததும் நூல் கழண்டு வர்ற மாதிரி வளையம் போட்டு மாட்டினா போதும். எப்பவும் ஒரே தள்ளு.

முதல் தடவை எட்டு கையையும் நூலால கட்டி ஆடவிடாம வெளிய நீட்டின மாதிரி நிறுத்திட்டு விடுங்க. அப்புறம் நூலை அவுத்துட்டு விடுங்க. எங்களுக்கு கட்டினப்போ 90 சுத்தைத் தாண்டிடுச்சு. அவுத்து விட்டப்போ வேடிக்கை, வேகமா சுத்தறப்போ எல்லா கையும் வெளிய விறைச்சு நிக்குது, சத்தமே இல்ல, நிமிஷத்துக்கு 45 சுத்துக்கு கீழ வந்ததும் டக் டக்குனு ஆரம்பிக்குது, ஆரம்பிச்ச பத்து சுத்துக்குள்ள செத்துடுது. அதாவது எந்த ஏற்பாட்டை வெச்சு ஓடணும்னு செஞ்சோமோ அதைக் கட்டிப் போட்டாதான் நல்லா ஓடுது!

கணக்கு வேணும்னா: கை செங்குத்தா நிக்கறதுலேருந்து 45 டிகிரிக்கு விழும்போது 100 கிராம் எடை 4.4 செ.மீ இறங்குது, 0.043 ஜூல். ஆணியில மோதி அது சத்தமாவும் சூடாவும் போயிடுது, திரும்ப வராது. சுத்துக்கு 8 தடவை, மொத்தம் 0.34 ஜூல். அந்த டக் சத்தம்தான் வண்டியோட பெட்ரோல் ஒழுகற சத்தம். ஆணியில ரப்பர் ஒட்டினோம், சத்தம் குறைஞ்சது, சுத்து கூடல.

கிணத்துல ஏத்தம் மிதிச்சதை பாத்த பெரியவங்க வீட்ல இருந்தா அவங்களுக்கு இது சட்டுனு புரியும். மரத்து மேல ஆள் முன்னாடி போனா சாயும், பின்னாடி வந்தா எழும்பும், பாக்க எடைதான் தண்ணி இறைக்கற மாதிரி இருக்கும். ஆனா ஒவ்வொரு தடவையும் மேல ஏறி நடக்கறது அந்த ஆளோட காலு, அதுக்கு காலைல குடிச்ச கூழு. நம்ம சக்கரத்துல அந்த ஏறி நடக்கற ஆள் கிடையாது, அவ்ளோதான்.

இனி, மத்தவங்க காட்டற மிஷினை எப்படி பாக்கறதுன்னு. ஜெர்மனில யோஹான் பெஸ்லர்னு ஒருத்தர், ஒர்ஃபிரேயஸ்னு பேர் வெச்சுக்கிட்டவரு, 1712லேருந்து சக்கரம் காட்டி பேர் வாங்கினாரு. பெருசா 12 அடி விட்டத்துல ஒன்னு, ஹெஸ்ஸ காஸல் ராஜா கோட்டையில. 1717 நவம்பர்ல அறையைப் பூட்டி சீல் வெச்சாங்க, 54 நாள் கழிச்சு 1718 ஜனவரி 4ல திறந்தப்பவும் சுத்திக்கிட்டு இருந்துச்சாம். ஆனா உள்ள என்னன்னு காட்ட மாட்டாரு, மொத்தமும் துணி போட்டு மூடியிருக்கும், 20,000 பவுண்டு குடுத்தா சொல்றேன்னாரு. 1721ல கிராவசாண்டேன்னு டச்சு விஞ்ஞானி வந்து ஆக்ஸிலை கொஞ்சம் உன்னிப்பா பாத்ததுக்கே கோவப்பட்டு சக்கரத்தை தானே உடைச்சுட்டாரு. 1727ல பெஸ்லர் வீட்டு வேலைக்காரம்மா பக்கத்து ரூம்லேருந்து நாங்கதான் சுத்தினோம்னு சொல்லிடுச்சு. அந்தம்மா சொன்னது நிஜமான்னு இன்னிக்கும் சண்டை போடறவங்க இருக்காங்க, நான் அதுக்குள்ள போகல, எனக்கு அந்தத் துணியே போதும். மூடி வெச்சிருந்தா காசு குடுக்காதீங்க.

மூடாம காட்டினா பல்சக்கரத்தோட பல்லைப் பாருங்க. 1812ல ஃபிலடெல்ஃபியால சார்லஸ் ரெட்ஹெஃபர்னு ஒருத்தர் ஒரு மிஷினைக் காட்டி, அது தானா சுத்தி இன்னொரு மிஷினை ஓட்டறதா சொன்னாரு, ஆனா பல்சக்கரத்துல தேய்மானம் தப்பான பக்கம் இருந்துச்சு, அதாவது அந்த இன்னொன்னுதான் இதை ஓட்டுது. அடுத்த வருஷம் நியூயார்க்குக்கு எடுத்துட்டுப் போனாரு, அங்க நீராவிக் கப்பல் செஞ்ச ராபர்ட் ஃபுல்டன் வந்து சத்தத்தை கேட்டே, வேகம் ஒரே சீரா இல்ல, யாரோ கைப்பிடி சுத்தற மாதிரி ஏறி இறங்குதேன்னு பலகையை புடுங்கினாரு, உள்ள ஒரு கயிறு, கயிறு புடிச்சு போனா மாடில ஒரு தாத்தா உக்காந்து சுத்திக்கிட்டு இருந்தாரு. இப்ப தாத்தாவுக்கு பதில் பேட்டரி, ஸ்டாண்டுக்குள்ள மோட்டார், இல்லன்னா வீடியோவையே வெட்டி ஒட்டறது. விக்கறவர்கிட்ட ரெண்டு கேளுங்க, ஸ்டாண்டை விட்டு கழட்டி தரையில வெச்சு ஓட்டுவீங்களா, நிறுத்திட்டு என் முன்னாடி திரும்ப ஸ்டார்ட் பண்ணுவீங்களா. மாமா ஃபோன் போட்டு கேட்டாரு. கம்பெனி ரகசியம்னு பதில் வந்துச்சு. அட்வான்ஸ் மிச்சம்.

ஆனா மனுஷன் அடங்கல. போன வாரம் சாக்பீஸை எடுத்துக்கிட்டு வந்து, "டேய், அந்த பிரான்ஸ்காரன் 7 தானே போட்டான், நாம 8 போட்டது ரெட்டைப்படை, அதான் சமமாயிடுச்சு"ங்கறாரு. 7 கைக்கு புள்ளிக்குப் புள்ளி நேர்கோட்டுல 27.8 செ.மீ வருது, அதே பிளைவுட்லயே பழைய ஓட்டைக்கு நடுவுல போட்டுக்கலாம். ஞாயித்துக்கிழமை காலைல டிரில் மிஷினோட வரச் சொல்லியிருக்காரு.