ஸ்லக்கா, பெல்லட்டா? உங்கள் ஏர் ரைஃபிளுக்குப் பொருந்தும் குண்டைச் சோதித்து வாங்குவது எப்படி

போன மாதம் கிளப்பில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் வீடியோ பார்த்துவிட்டு வந்து கேட்டார்: “அண்ணே, இப்ப எல்லாரும் ஸ்லக்தான் சுடறாங்களாம். நாம ஏன் இன்னும் பெல்லட்டையே போடறோம்?”

நியாயமான கேள்வி. பதில் குண்டின் உருவத்திலேயே இருக்கிறது. பெல்லட் ஒன்றை உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள், குட்டி உடுக்கை மாதிரி இருக்கும். தலை கனம், இடுப்பு ஒடுக்கம், பின்பக்கம் பாவாடை போல மெல்லிதாக விரிந்த குழி. பூப்பந்தின் இறகுகள் தலையை எப்போதும் முன்னால் வைத்தே பறக்க விடுவது போல, இந்தப் பாவாடையில் படும் காற்று பெல்லட்டை நேராக நிறுத்துகிறது. ஸ்லக்கில் இடுப்பே கிடையாது. நிஜத் தோட்டாவின் முனையைப் போல உருளையான ஈயக்கட்டி. காற்றில் வேகம் குறைவாக இழக்கும், பக்கக்காற்றுக்கும் அவ்வளவாக விலகாது. ஐம்பது, நூறு மீட்டரில் வெட்டவெளியில் சுடுகிறவர்களுக்கு அது பெரிய லாபம். ஆனால் அது நேராகப் போவது முழுக்க முழுக்கக் குழலின் புரி (உட்சுவரில் வெட்டியிருக்கும் சுருள் வரி) கொடுக்கும் சுழற்சியை நம்பித்தான். குழலின் அளவுக்குச் சரியாகப் பொருந்த வேண்டும், பின்னாலிருந்து தள்ளும் விசையும் நிறைய வேண்டும்.

நம் 10 மீட்டர் போட்டி ரைஃபிள் குண்டுக்குத் தரும் ஆற்றல் சுமார் 7.5 ஜூல். அரை கிராமுக்குச் சற்றே கூடுதலான பெல்லட்டை விநாடிக்கு ஏறக்குறைய 170 மீட்டர் வேகத்தில் அனுப்ப அது போதும். கனமான ஸ்லக்குக்குப் போதாது. தவிர, போட்டிப் பெல்லட்டின் தலை தட்டையாக இருப்பது காகிதத்தில் காது குத்தியது போலச் சுத்தமான வட்டம் விழுவதற்காக. அதனால் தம்பி, இங்கே பெல்லட்தான். சோதிக்கும் முறை என்னவோ இரண்டுக்கும் ஒன்றே. ஸ்லக் சுடுகிறவர்கள் விட்டத்தோடு எடையையும் வேகத்தையும் மாற்றி மாற்றிப் பார்ப்பார்கள், அவ்வளவுதான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூரில் காற்றுத்துப்பாக்கியும் சட்டத்தின் பார்வையில் துப்பாக்கிதான். 2021இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய துப்பாக்கிகள், வெடிபொருள்கள், ஆயுதங்கள் கட்டுப்பாட்டுச் சட்டம் விளையாட்டுச் சாமான் என்று விட்டுவிடாது. துப்பாக்கியோ குண்டோ, எதையும் ஆன்லைனில் ஆர்டர் போடாதீர்கள். வாங்குவது, வைப்பது, சுடுவது எல்லாம் கிளப் வழியாகவே இருக்கட்டும். வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுச் சாப்பாட்டு மேசையில் குண்டைத் தரம் பிரிக்கும் யோசனையும் வேண்டாம்.

முதலில், டின்னைப் படியுங்கள்

டின்னில் நான்கு விவரம் பார்க்க வேண்டும். காலிபர், அதாவது குழல் விட்டம், 4.5 மி.மீ. ரைஃபிளுக்கு எடை பெரும்பாலும் 0.53 கிராம், பிஸ்டலுக்கு அதைவிட லேசானது. அப்புறம் தலை அளவு, அதாவது குண்டுத் தலையின் விட்டம்: 4.49, 4.50, 4.51 மி.மீ. என்று இருக்கும். கடைசியாக லாட் எண், அதாவது எந்தத் தயாரிப்புத் தொகுதியில் வந்தது என்பதற்கான எண். புதியவர்கள் இதைத்தான் பார்க்காமல் விடுகிறார்கள். ஒரே பெயர், ஒரே தலை அளவு, ஆனால் வேறு லாட் என்றால் உங்கள் ரைஃபிளுக்கு அது வேறு குண்டு மாதிரிதான்.

விலையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஆர்.டபிள்யூ.எஸ். ஆர்10, எச்&என் ஃபினாலே மேட்ச் இரண்டும் நல்ல குண்டுகள்தான். எது நல்லது என்று கேட்டால், எந்தக் குழலுக்கு என்று நான் திருப்பிக் கேட்பேன். நான் ஒரு காலத்தில் இருப்பதிலேயே விலை கூடிய டின்னை வாங்கி ஆறு மாதம் சுட்டேன். பிறகு ஒருநாள் பக்கத்து லேன் அக்கா கொடுத்த சாதாரண பயிற்சிக் குண்டு என் குழலில் அதைவிட நெருக்கமாக விழுந்தது. மனசு ஆறவே இல்லை.

கொஞ்சம் கணக்கு

10 மீட்டர் ரைஃபிள் இலக்கின் நடுப்புள்ளி 0.5 மி.மீ. தான். பேனா பென்சிலில் போடும் 0.5 முள்ளால் வைத்த புள்ளி அது. குண்டின் விளிம்பு அதைத் தொட்டாலே பத்து. அதாவது துளையின் மையம் 2.5 மி.மீ. வரை விலகலாம். அதற்கு உள்ளே ஒவ்வொரு 0.25 மி.மீ. நெருக்கத்துக்கும் ஒரு தசமம் ஏறி, 10.9 வரை போகும். 2018 கோல்டு கோஸ்ட் காமன்வெல்த் விளையாட்டில் நம் சிங்கப்பூரின் மார்ட்டினா வெலோசோவும் இந்தியாவின் மெஹுலி கோஷும் ஆளுக்கு 247.2 புள்ளி எடுத்துச் சமநிலையில் நின்றார்கள். கூடுதலாகச் சுட்ட ஒரே குண்டில் 10.3க்கு 9.9 என்று மார்ட்டினாவுக்குத் தங்கம். அந்த இடைவெளி ஒரு மி.மீ. அளவுதான்.

சோதனை

கிளப் நண்பர்களிடம் கேட்டு மூன்று வகைக் குண்டில் ஐம்பது ஐம்பது வாங்கிக்கொள்ளுங்கள். வெவ்வேறு தலை அளவுகள் சேர்ந்த மாதிரிப் பெட்டிகளும் உண்டு. ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். பாவாடை நசுங்கியிருந்தால் ஒதுக்கிவிடுங்கள். டின் ஒருமுறை கீழே விழுந்தாலே பத்து இருபது வீண்.

ரைஃபிளை மணல் மூட்டை மேல் தாங்க வையுங்கள். மரக்கட்டைப் பகுதி மூட்டையில் இருக்கட்டும், குழல் எதிலும் படக் கூடாது. நின்றுகொண்டு சோதிக்க வேண்டாம். புதியவர் நின்று சுட்டால் சோதிக்கப்படுவது அவருடைய கைதான், குண்டு இல்லை. கிளப்பில் குழலைப் பூட்டிச் சுடும் கிடுக்கி இருந்தால் இன்னும் நல்லது, பயிற்சியாளரைக் கேளுங்கள். ரைஃபிளின் காற்றுச் சிலிண்டர் அழுத்தத்தையும் ஒருமுறை பாருங்கள்.

ஒரு வகையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது முதல் பதினைந்து குண்டை எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள். முந்தைய குண்டின் ஈயப்பூச்சு குழலுக்குள் ஒட்டியிருக்கும், புதியது படிய அவ்வளவு ஆகும். அப்புறம் ஒரு காகித இலக்குக்குப் பத்து வீதம், வகைக்கு மூன்று இலக்குகள். நடுவில் விழவில்லையே என்று சைட்டை, அதாவது குறிபார்க்கும் கருவியை, திருகாதீர்கள். எங்கே விழுகிறது என்பது இப்போது முக்கியமில்லை, எவ்வளவு நெருக்கமாக விழுகிறது என்பதே முக்கியம். ஐந்து குண்டோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். மோசமான குண்டும் ஐந்தில் ஒருமுறை அதிர்ஷ்டத்தால் ஒரே துளையில் நுழைந்துவிடும்.

துளையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை வெர்னியரால் (நுண்ணளவுகோலால்) அளந்து 4.5 மி.மீ. கழியுங்கள். மீதிதான் குரூப். தம்பியின் ரைஃபிளில் மூன்று இலக்கின் சராசரி இப்படி வந்தது: 4.49க்கு 2.9 மி.மீ., 4.50க்கு 2.1, 4.51க்கு 3.4. ஒரு குண்டு மட்டும் தனியே ஓடிப் போனால், விசையை அழுத்தும்போதே கை தவறியது தெரிந்திருந்தால் மட்டும் அதை விடுங்கள். பிடிக்காத குண்டையெல்லாம் “கை தவறிடுச்சு” என்று கழித்தால் எல்லா டின்னும் ஜெயித்துவிடும்.

இரண்டு வகைக்கு நடுவே 0.2 மி.மீ. தான் வித்தியாசம் என்றால் அது வித்தியாசமே இல்லை. விலை குறைந்ததை எடுங்கள்.

ஜெயித்த லாட்டைப் படம் பிடித்து வைத்து, அதே எண்ணில் சில டின்கள் சேர்த்து வாங்குங்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் திறந்து கிடக்கும் ஈயம் வெள்ளை பூத்துவிடும், அதனால் கிளப் லாக்கரில் டின்னோடு சிலிகா ஜெல் பை ஒன்றைப் போடுங்கள். சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் கோப்பிக்கடைக்குப் போக வேண்டும். ஈயம் வயிற்றுக்குள் போகக் கூடாத சாமான்.

தம்பி 4.50இல் ஐந்து டின் வாங்கிவிட்டார். போன சனிக்கிழமை நின்று சுட்டு எட்டும் ஒன்பதுமாக வாங்கினார். “குண்டு சரிதானே அண்ணே?” என்றார். குண்டு சரிதான் என்றேன்.