பழைய யெஸ்டி என்ஜினில் புது பேரிங்கை உட்கார வைப்பது

என்ஜினை இறக்குவது, கேஸைப் (என்ஜினின் அலுமினிய உறை) பிரிப்பது எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன். அதற்கு வீடியோக்கள் கொட்டிக் கிடக்கின்றன. இங்கே சொல்லப்போவது அதற்கு அப்புறம் வருகிற வேலை: கிராங்க் (பிஸ்டன் சுழற்றும் தண்டு) பேரிங்கைக் கழற்றிவிட்டுப் புதியதைச் சேதமில்லாமல் கேஸுக்குள் இறக்குவது. நான் செய்தது யெஸ்டி ரோடுகிங் பைக்கில். ஜாவா, ஆர்எக்ஸ் 100 வைத்திருப்பவர்களுக்கும் முறை இதுதான்.

பேரிங் வாங்குவது

பழைய பேரிங்கைத் துடைத்து எண்ணைப் படியுங்கள். 6305 என்று இருந்தால் கடைசி 05-ஐ ஐந்தால் பெருக்க வேண்டும். உள்துளை 25 மி.மீ. வெளிவிட்டம் 62, அகலம் 17. எண்ணுக்குப் பின்னால் 'சி3' இருக்கிறதா என்று பாருங்கள். கடைக்காரர் "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்பார். ஒன்றில்லை. இந்த அளவில் சாதா பேரிங்கின் உள் இடைவெளி 5 முதல் 20 மைக்ரான், சி3-இல் 13 முதல் 28. கேஸ் வெளிவளையத்தை நெருக்கும், கிராங்க் உள்வளையத்தை விரிக்கும், ஓடும்போது சூடு வேறு. சாதா பேரிங்கில் குண்டுகள் உருள இடமே மிஞ்சாது.

ரப்பர் மூடி போட்டது வேண்டாம். டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோலோடு கலந்து வரும் ஆயில்தான் இந்த பேரிங்குக்கு உயிர், அது உள்ளே போயாக வேண்டும். கடலூரில் பைக் ஸ்பேர்ஸ் கடையைவிட, முதுநகர் பக்கம் படகு என்ஜினுக்கும் பம்ப் செட்டுக்கும் பேரிங் விற்பவர்களிடம் கேட்பதுதான் என் வழக்கம். எண்ணைச் சொன்னால் போதும், எந்த வண்டி என்று கேட்க மாட்டார்கள். ஆயில் சீல்களையும் சேர்த்தே வாங்குங்கள். பழைய சீலைத் திரும்பப் போடுவது கஞ்சத்தனம்: கிளட்ச் பக்க சீல் போனால் உள்ளிருக்கும் ஆயிலை இழுத்துப் புகை தள்ளும், மறுபக்கம் போனால் காற்றை இழுத்து பிஸ்டனைச் சூடாக்கும்.

சூடு

அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். கேஸில் பேரிங் உட்காரும் 62 மி.மீ. குழி 80 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் 0.11 மி.மீ. அளவுக்குப் பெரிதாகும். வேண்டியது அவ்வளவுதான். சுத்தியலைத் தேடுகிறீர்கள் என்றால் சூடு போதவில்லை என்று அர்த்தம்.

கேக் சுடும் ஓடிஜி ஓவன்தான் என் தேர்வு. 120 டிகிரி, அரை மணி நேரம். தீ ஊதும் காஸ் டார்ச் வேண்டவே வேண்டாம், ஒரே இடம் சூடாகி என்ஜின் கேஸ் கோணிக்கொள்ளும். தோசைக்கல்லும் அப்படியே, அடி மட்டும் காயும். ஓவனுக்குள் வைக்கும் முன் சீல், கேஸ்கெட், ரப்பர் எல்லாம் வெளியே வர வேண்டும். பெட்ரோலில் கழுவியிருந்தால் அப்புறம் சோப்புத் தண்ணீரில் கழுவி நன்றாகக் காயவிடுங்கள். தீப்பிடிக்கும் என்பது ஒரு காரணம், வீட்டில் சாப்பாடு கிடைக்க வேண்டும் என்பது இன்னொன்று.

ஓவன் முள்ளை நம்பாமல் கேஸில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். 'சுர்' என்று உடனே வற்றினால் சரி. முத்தாக உருண்டோடினால் சூடு அதிகம்.

முதலில் பழையது. பேரிங்கைப் பிடித்திருக்கும் வளையக் கிளிப் (சர்க்ளிப்) இருந்தால் கழற்றிவிட்டுத்தான் சூடாக்க வேண்டும். அப்புறம் கேஸைக் கவிழ்த்து மரப்பலகையில் லேசாகத் தட்டினால் தானாக விழும்.

இறக்குவது

புது பேரிங்கை முந்தின இரவே ஃப்ரீசரில் வையுங்கள். வெறுமனே வைக்காதீர்கள். நம்ம ஊர் உப்புக்காற்றில் வெளியே எடுத்த நொடியில் பனி பூக்கும், அந்த ஈரம் துருவாகும். ஆயில் தடவி, பாலித்தீன் பையில் காற்றில்லாமல் கட்டி வையுங்கள். கேஸ் தயாரான பிறகே பையைப் பிரியுங்கள்.

கேஸை மட்டமாக வைத்து, பேரிங்கை இரண்டு கையாலும் நேராகப் பிடித்து விடுங்கள். சரியாக இருந்தால் 'டொக்' என்று அடியில் போய் உட்காரும். அந்தச் சத்தத்தோடு நிறுத்திவிடக் கூடாது. கேஸின் சூடு பேரிங்குக்கு ஏறி இரண்டும் கவ்விக்கொள்ளும் வரை மேலிருந்து அழுத்திப் பிடித்திருங்கள், இல்லாவிட்டால் மயிரிழை மேலே எழும்பி அங்கேயே இறுகிவிடும்.

பாதியில் சாய்ந்து மாட்டிக்கொண்டால்? கை தானாகச் சுத்தியலுக்குப் போகும். போகக் கூடாது. சாய்ந்த பேரிங்கைத் தட்டினால் இரும்பு விளிம்பு அலுமினியத்தைச் சீவிக்கொண்டே இறங்கும், குழி கெட்டுவிடும். கேஸோடு திரும்ப ஓவனில் வையுங்கள். சூடானதும் வெளியே விழவைத்து, ஆறவிட்டு, சுத்தம் செய்து, மறுபடி ஃப்ரீசர். ஒரு நாள் போகும், போகட்டும்.

தள்ளியே ஆக வேண்டிய நிலை வந்தால் வெளிவளையத்தை மட்டும் தள்ளுங்கள். உள்வளையத்தில் கொடுக்கும் அடி குண்டுகள் வழியாகப் போய் ஓடுபாதையில் பள்ளம் போடும். கண்ணுக்குத் தெரியாது, ஓடும்போது ஊளையிடும். இதற்கு சாக்கெட்டைவிட நல்ல கருவி பழைய பேரிங்கின் வெளிவளையம்தான். லேத் பட்டறையில் கொடுத்துச் சுற்றிலும் கொஞ்சம் தேய்த்து வாங்கிக்கொள்ளுங்கள்.

கிராங்கை மாட்டும்போது அதன் முனையில் அடிக்காதீர்கள். யெஸ்டி கிராங்க் அழுத்திச் சேர்த்த துண்டுகளால் ஆனது, ஒரு அடியில் மையம் விலகும். ஷாஃப்டைப் பிடித்து இழுக்கும் புல்லர் ஒன்றைக் கடன் வாங்குங்கள்.

பின்சேர்க்கை

"சூடாக்காமலே பேரிங் உள்ளே போய்விட்டது, நல்லதுதானே?" என்று ஒருவர் கேட்டிருந்தார். நல்லதில்லை, குழி தேய்ந்திருக்கிறது. பட்டறையில் கேட்டால் சென்டர் பஞ்ச் (கூர்முனை உளி) வைத்துக் குழியைச் சுற்றிலும் புள்ளி குத்தித் தருவார்கள். கொஞ்ச நாளில் அந்தப் புள்ளிகள் அமுங்கிவிடும். லேசான லூஸ் என்றால் பேரிங் பிடிக்கும் லாக்டைட் பசை போதும். அதிகமென்றால் லேத்தில் குழியைப் பெரிதாக்கி ஸ்லீவ் (உள்ளே இறக்கும் உலோக வளையம்) போடுவதுதான் வழி.

புல்லட்காரர்களுக்கு: அதில் ரோலர் (குண்டுக்குப் பதில் உருளை) பேரிங்கும் உண்டு, வளையங்கள் தனித்தனியாகப் பிரியும். கேஸுக்குள் போகும் வளையத்துக்கு மேலே சொன்ன முறை. கிராங்கில் ஏறும் உள்வளையத்தைத் தனியாகச் சூடாக்கி ஏற்ற வேண்டும், 120 டிகிரியைத் தாண்டாமல்.