அரசு இணையதளத்துக்காக விவசாயிகளிடம் நேர்காணலா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த இரண்டு பேர் திருவாரூர் பக்கம் போய் ஒன்பது நேர்காணல்களைப் பதிவு செய்து வந்தார்கள். போன வாரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டேன். ஒன்பதிலும் ஒரே பதில்: "நல்லா இருக்கு சார்." நான்காவது பதிவில் நாற்காலி இழுக்கும் சத்தம் கேட்டது. அடுத்து யாரோ ஒருவர், "சொல்லுங்க, தைரியமா சொல்லுங்க" என்றார். அந்தக் குரல் அதிகாரியின் குரல் என்பது உடனே புரிந்துவிட்டது. இதே தவறைச் செய்து நான் ஒரு பருவத்தையே இழந்திருக்கிறேன்.

கேள்விகளைத் தயார் செய்துகொண்டு போங்கள், குறுக்கே பேசாதீர்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

அதிகாரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்பது

விவசாயிகள் தங்கள் சாகுபடி விவரத்தைத் தாங்களே பதிவதற்கு ஓர் அரசுத் துறை இணையதளம் கட்டியது. ஒரத்தநாடு பக்கம் ஒரு கிராமத்தில் நேர்காணல். "ஆளை எங்கே தேடுவீங்க, நானே வரச் சொல்றேன்" என்றார் கிராம நிர்வாக அலுவலர். நல்ல மனிதர். அலுவலகத்தையே ஒதுக்கிக் கொடுத்தார், டீ வரவழைத்தார், இரண்டு நாளும் கூடவே இருந்தார். பதினொரு பேர் வந்தார்கள். மடிக்கணினியில் மாதிரிப் பக்கத்தைக் காட்டினோம். ஆதார் எண், அப்புறம் ஓடிபி, அப்புறம் சர்வே எண். பதினொரு பேரும் சுலபமாக இருக்கிறது என்றார்கள்.

எங்கள் மாதிரிப் பக்கத்தின் ஓடிபி கட்டம் எந்த எண்ணைத் தட்டினாலும் ஏற்றுக்கொள்ளும். அதனால் யாரும் சொந்த போனைக் கையில் எடுக்கவே இல்லை. அதை நான் கவனித்திருக்க வேண்டும்.

தளம் வந்தது. சம்பா பதிவு தொடங்கியதும் ஓடிபி பக்கத்திலேயே ஆட்கள் நின்றுவிட்டார்கள். ஆதாரோடு இணைந்த எண் திருப்பூரில் வேலை பார்க்கும் மகனுடையது. இல்லையென்றால், ரீசார்ஜ் செய்யாமல் எப்போதோ செத்துப்போன எண். மகனுக்கு போன் போட்டு, அவர் மெஷினை நிறுத்திவிட்டு எண்ணைப் படித்துச் சொல்வதற்குள் நேரம் முடிந்துவிடும். அந்தப் பக்கத்தை மாற்றிக் கட்ட மூன்று மாதம் ஆனது. அதற்குள் பதிவுக்கான பருவமே போய்விட்டது.

மறுபடி தனியாகப் போனேன். பதினொரு பேரில் ஒருவர் வீட்டுத் திண்ணையில் உட்காரச் சொல்லி மோர் கொடுத்தார். அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "அவரு பக்கத்துல இருந்தாரே தம்பி. நாளைக்கு அடங்கலுக்கு அவர்கிட்டதான போய் நிக்கணும்?" என்றார்.

எந்த நிலத்தில் என்ன பயிர் என்று கிராம நிர்வாக அலுவலர் கையெழுத்துப் போட்டுத் தருவதுதான் அடங்கல். பயிர்க் காப்பீட்டுக்கு அது வேண்டும். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை போடவும் அடங்கல் வேண்டும். ஒரே பருவத்தில் இரண்டு முறை போய் நிற்க வேண்டிய இடம் அது. அந்த இடத்தில் உட்காரவைத்து அரசின் தளத்தைப் பற்றிக் குறை கேட்டால் யார் சொல்வார்கள்? விவசாயியை மிரட்டியவர் யாரும் இல்லை. அதிகாரி கனிவாகத்தான் பேசினார். அவர் எவ்வளவு கனிவானவராக இருந்தாலும், விவசாயிக்கு அவர் கையெழுத்துப் போடுகிறவர். இன்னொன்று, அவர் வரச் சொன்ன ஆட்கள் அவர் கூப்பிட்டால் வரக்கூடியவர்கள் மட்டும்தான். கூப்பிட்டாலும் வராதவர்களுக்குத்தான் அந்தத் தளத்தில் கஷ்டம் அதிகம்.

அதிகாரியிடம் தகவல் சொல்லுங்கள், ஊருக்கு உங்களை அறிமுகப்படுத்தச் சொல்லுங்கள், அதோடு விடைபெறுங்கள். டீக்கடை பெஞ்சு, வாய்க்கால் மதகு, நெல் கொட்டிக் காவல் இருக்கும் களம், இ-சேவை மையத்து வரிசை, இவைதான் பேசுவதற்கு ஏற்ற இடங்கள். "பேரோ சர்வே நம்பரோ கேக்க மாட்டேன், நீங்க சொல்றதுக்கும் உங்க மனுவுக்கும் சம்பந்தமில்லை" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். மாதிரிப் பக்கத்தை விவசாயியின் சொந்த போனிலேயே திறக்கச் சொல்லுங்கள். நடவு நாளிலும் அறுவடை மெஷின் வயலில் இறங்கும் நாளிலும் போகாதீர்கள். இரண்டுக்கும் நடுவில் போனால் மணிக்கணக்கில் பேசுவார்கள்.

"இப்படி வந்தால் பயன்படுத்துவீர்களா?"

கேட்காதீர்கள். "கடைசியாகச் சிட்டா (நில உரிமை விவரம்) எடுத்தது எப்போ? யார் எடுத்துக் கொடுத்தாங்க? எவ்வளவு நேரம் ஆச்சு?" என்று கேளுங்கள்.

பட்டா வைத்திருப்பவரை மட்டும் பார்ப்பது

டெல்டாவில் கோயில் நிலத்தையும் மடத்து நிலத்தையும் குத்தகைக்கு எடுத்துச் சாகுபடி செய்பவர்கள் ஏராளம். பட்டா அவர்கள் பெயரில் இருக்காது. படிவத்தின் முதல் கட்டமே பட்டா எண்ணாக இருந்தால் அவர்கள் அங்கேயே நின்றுவிடுவார்கள். நாம் பட்டாதாரர்களிடம் மட்டும் பேசிவிட்டு வந்தால், அப்படி ஒரு தடங்கல் இருப்பதே நம் காதுக்கு வராது.

அவர் கணக்கை நம் கணக்காக மாற்றி எழுதுவது

பரப்பு எவ்வளவு என்று ஒரு பெரியவரிடம் கேட்டேன். "அஞ்சு மா" என்றார். படிவம் ஹெக்டேரில் கேட்டது. மூன்று மா ஏறக்குறைய ஒரு ஏக்கர். இரண்டரை ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவாக இருப்பது ஒரு ஹெக்டேர். அவர் இடது உள்ளங்கையில் வலது ஆள்காட்டி விரலால் எழுதி, அழித்து, மறுபடி எழுதினார். கடைசியில் ஹெக்டேர் கட்டத்தில் 1.6 என்று போட்டார். அது ஏக்கர் கணக்கு. ஹெக்டேரில் 0.67 வர வேண்டும். அவருடைய நிலம் ஏறக்குறைய இரண்டரை மடங்காகப் பதிவாகியிருக்கும். குறிப்பில் 0.67 என்று நானே சரிசெய்து எழுதியிருந்தால் இந்தத் தவறு அலுவலகத்தில் யாருக்கும் தெரிந்திருக்காது. மா, குழி, வேலி என்று அவர்கள் வாயில் எப்படி வருகிறதோ அப்படியே எழுதுங்கள், விரல் எழுதி அழித்தது உட்பட.

இ-சேவை மையத்துக்காரரை விட்டுவிடுவது

விவசாயிகளுக்காகத் தளத்தை அதிகம் தட்டுகிற கை அவருடையது. ஒரு நாள் முழுக்க அவர் பின்னால் நாற்காலி போட்டு உட்காருங்கள். எந்த நேரத்தில் சர்வர் நிற்கிறது, எந்தக் கட்டத்தில் எதையாவது போட்டுத் தாண்டுகிறார் என்பதெல்லாம் அங்கேதான் தெரியும்.

ஒலிப்பதிவு

கேட்டுவிட்டுச் செய்யுங்கள். வேண்டாம் என்றால் நோட்டுப் புத்தகம் போதும்.

அந்த ஒன்பது பதிவுகளையும் ஒதுக்கி வைத்துவிட்டோம். இரண்டு பேரும் வியாழக்கிழமை மறுபடி போகிறார்கள். முதல் நாள் இ-சேவை மையம், அடுத்த நாள் களம். அதிகாரியிடம் அறிமுகம் மட்டும் கேட்டிருக்கிறோம்.