அமெரிக்க அதிபர் தேர்தல்: எண்களைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

2016 நவம்பர் 9. ஜனநாயகக் கட்சியின் ஹிலாரி கிளிண்டன்தான் அடுத்த அதிபர் என்ற முடிவோடு முந்தைய இரவு படுத்தவர்கள் நம் ஊரில் நிறையப் பேர். காலை இட்லி சாப்பிடும் நேரத்தில் புளோரிடா மாநிலம் குடியரசுக் கட்சியின் டிரம்ப் பக்கம் போனது. மதியச் சாப்பாட்டுக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அன்றிலிருந்து ‘கருத்துக்கணிப்பு என்றாலே புளுகு’ என்ற பேச்சு நிலைத்துவிட்டது. என்னைக் கேட்டால், முதலில் விட வேண்டியது இந்தப் பேச்சைத்தான்.

அந்த ஆண்டு தேசியக் கணிப்புகளின் சராசரி ஹிலாரிக்கு ஏறக்குறைய 3 சதவீதப் புள்ளி முன்னிலை என்றது. எண்ணி முடித்தபோது அவர் 2.1 புள்ளி முன்னால் இருந்தார்; டிரம்பைவிட 28 லட்சத்துக்கும் அதிகமான வாக்குகள். அதாவது தேசியக் கணிப்பு பெரிதாகத் தப்பவே இல்லை. ஆனால் அதிபரை முடிவு செய்வது 538 பேர் கொண்ட தேர்வாளர் குழு. பெரும்பாலான மாநிலங்களில் ஒரு வாக்கு கூடுதலாக வாங்கியவருக்கே அந்த மாநிலத்தின் எல்லாத் தேர்வாளர்களும் போய்விடுவார்கள். விஸ்கான்சின், மிச்சிகன், பென்சில்வேனியா மூன்றிலும் சேர்த்து டிரம்ப் முந்தியது சுமார் 78,000 வாக்குகளில்தான். தேசிய சராசரியை மட்டும் பார்த்து யார் ஜெயிப்பார் என்று சொல்வது, மொத்த ரன்னைக் கூட்டிப் பார்த்து தொடர் யாருக்கு என்று சொல்வது போல.

தப்பியது மாநிலக் கணிப்புகள். அதற்கு ஒரு தெளிவான காரணம் இருந்தது. கல்லூரிப் படிப்பு முடித்தவர்கள் கணிப்பாளரின் கேள்விக்குப் பொறுமையாகப் பதில் சொல்கிறார்கள், மற்றவர்கள் அந்த அளவுக்குச் சொல்வதில்லை. பல மாநிலக் கணிப்புகள் படிப்பைக் கணக்கில் எடுத்து அந்த ஏற்றத்தாழ்வைச் சரிசெய்யவில்லை. 2016-இல் படித்த வெள்ளையர்களும் படிக்காத வெள்ளையர்களும் எதிரெதிர்த் திசையில் போனதால், அந்தச் சிறிய கவனக்குறைவு பெரிய பிழையாக வளர்ந்தது. சரி, அதைத் திருத்திவிட்டால் போதுமா? 2020-இல் திருத்தினார்கள். அப்போதும் கணிப்புகளின் சராசரி பைடனுக்கு 8 புள்ளிக்கு மேல் முன்னிலை கொடுத்தது, கிடைத்ததோ 4.5. பியூ ஆய்வு மையம் தொலைபேசியில் கூப்பிட்டபோது 1997-இல் 36 சதவீதம் பேர் பதில் தந்தார்கள், 2018-இல் 6 சதவீதம் பேர்தான். பதில் சொல்லாத 94 பேரும் சொன்ன 6 பேரைப் போலவே நினைப்பார்கள் என்று நம்பித்தான் கணக்குப் போட வேண்டியிருக்கிறது.

அடுத்தது, பிழை வரம்பைத் தவறாகப் படிப்பது. ஆயிரம் பேரிடம் கேட்ட கணிப்பில் 3 புள்ளி கூடலாம், குறையலாம் என்று போட்டிருப்பார்கள். அது ஒவ்வொரு வேட்பாளரின் எண்ணுக்கும் தனித்தனி. இருவருக்கும் இடையிலான வித்தியாசத்துக்கு அது கிட்டத்தட்ட இரண்டு மடங்காகும். ‘48–46, இவர் முன்னிலை’ என்ற தலைப்புச் செய்திக்குப் பின்னால் இருப்பது இழுபறிதான். அதுகூட மாதிரி எடுப்பதில் வரும் தற்செயல் பிழைக்கு மட்டும். கணிப்பாளர் எடுக்கும் முடிவுகளால் வரும் வேறுபாடு அதில் அடங்காது.

அந்த வேறுபாடு எவ்வளவு என்பதை நியூயார்க் டைம்ஸ் 2016 செப்டம்பரில் கண்ணெதிரே காட்டியது. புளோரிடாவில் 867 பேர் சொன்ன பதில்களை அப்படியே நான்கு அனுபவசாலிகளிடம் கொடுத்தது. ஒருவர் ஹிலாரி 4 புள்ளி முன்னிலை என்றார், இன்னொருவர் 3, மற்றொருவர் 1. நான்காமவர் டிரம்ப் 1 புள்ளி முன்னிலை என்றார். ஒரே ஆட்கள், ஒரே பதில்கள். இவர்களில் யார் உண்மையிலேயே வாக்களிக்க வருவார், லத்தீனோக்களையும் (லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர்) வெள்ளையர்களையும் என்ன விகிதத்தில் எண்ணுவது என்ற தீர்மானம்தான் மாறியது.

அதே ஆண்டு நடந்த இன்னொன்று என் மனதை விட்டுப் போகவில்லை. தென் கலிபோர்னியா பல்கலைக்கழகமும் லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸும் சுமார் 3,000 பேரைத் திரும்பத் திரும்பக் கேட்டு ஒரு கணிப்பு நடத்தின. அதில் இல்லினாயைச் சேர்ந்த 19 வயதுக் கறுப்பின இளைஞர் ஒருவர் இருந்தார். அவரைப் போன்ற இளைஞர்கள் மாதிரியில் மிகக் குறைவு. அதை ஈடுகட்ட, சராசரி ஆளைப் போல சுமார் 30 மடங்கு எடை அவர் பதிலுக்குத் தரப்பட்டது. அவர் டிரம்பை ஆதரித்தார். அவர் பதில் சேர்ந்திருந்த நாட்களில், கறுப்பின மக்களிடையே டிரம்புக்கு ஆதரவு இரட்டை இலக்கத்துக்கு ஏறியது! அதனால் ‘கறுப்பின வாக்காளர்களிடம் திடீர் மாற்றம்’ போன்ற செய்தியைப் பார்த்தால், முதலில் அந்தப் பிரிவில் எத்தனை பேரிடம் கேட்டார்கள் என்று தேடுங்கள்.

பொருளாதாரத்துக்கு வருவோம். வேலையின்மை, வளர்ச்சி விகிதம் இரண்டையும் வைத்து முடிவைக் கணிப்பவர்கள் அதிகம். 1991-இல் வளைகுடாப் போர் முடிந்ததும் மூத்த புஷ்ஷுக்கு 89 சதவீத ஆதரவு இருந்ததாக காலப் என்ற கணிப்பு நிறுவனம் சொன்னது. பொருளாதாரச் சரிவும் அந்த மார்ச்சிலேயே முடிந்துவிட்டது. ஆனால் முடிந்துவிட்டது என்று பொருளாதார அறிஞர்களின் அதிகாரபூர்வக் குழு அறிவித்தது 1992 டிசம்பரில், அவர் தோற்ற பிறகு. இடையில் 1992 ஜூனில் வேலையின்மை 7.8 சதவீதத்தைத் தொட்டிருந்தது. மீட்சி ஏட்டில் வந்திருந்தது, வீட்டுக்கு வரவில்லை. அதே அளவு வேலையின்மையோடு 2012-இல் ஒபாமா ஜெயித்தார். அவருக்கு அது 10 சதவீதத்திலிருந்து இறங்கி வந்த எண். எந்தப் பக்கமாக நகர்கிறது என்பதை விட்டுவிட்டு எண்ணை மட்டும் பார்த்தால் இந்த இரண்டு தேர்தலும் புரியாது.

2024-இல் பலர் செய்த தவறு இன்னும் எளிமையானது. பணவீக்கம் 2022 ஜூனில் 9.1 சதவீதம், தேர்தல் நேரத்தில் 2.5-ஐ ஒட்டி, வேலையின்மையும் 4 சதவீதத்தை ஒட்டித்தான். பொருளாதாரம் நன்றாகத்தானே இருக்கிறது என்று வாதாடினார்கள். பணவீக்கம் குறைந்தால் விலை குறையாது, ஏறும் வேகம்தான் குறையும். பைடன் ஆட்சியில் பொதுவான விலைவாசி சுமார் 20 சதவீதம் ஏறி, அங்கேயே நின்றது. மளிகைக் கடை ரசீதைக் கையில் வைத்திருப்பவரிடம் வரைபடத்தைக் காட்டி என்ன பயன்? அப்புறம், பொருளாதாரம் எப்படி இருக்கிறது என்ற கேள்விக்கான பதிலிலும் கட்சி கலந்திருக்கிறது. டிரம்ப் 2016-இல் ஜெயித்த சில நாட்களிலேயே, வேறு எதுவும் மாறாமல், குடியரசுக் கட்சியினரின் பொருளாதார நம்பிக்கை மேலே பாய்ந்தது.

இனத்தைப் பற்றிப் பேசும்போது இரண்டு பக்கமும் சறுக்குகிறோம். இனம் ஒன்றுமே இல்லை என்பது வரலாற்றை மறப்பது. கறுப்பின மக்களுக்குச் சம உரிமை தந்த குடிமை உரிமைகள் சட்டத்தில் அதிபர் லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்ட 1964-க்குப் பிறகு, ஜனநாயகக் கட்சியின் எந்த அதிபர் வேட்பாளரும் வெள்ளையர் வாக்கில் பெரும்பான்மை பெற்றதில்லை. இனம்தான் எல்லாம் என்பதும் தவறு. 1982-இல் கலிபோர்னியா ஆளுநர் தேர்தலில் முன்னிலையில் இருந்த கறுப்பின மேயர் டாம் பிராட்லி தோற்றார்; வெள்ளையர்கள் கணிப்பாளரிடம் ஒன்று சொல்லி, பெட்டியில் வேறு போடுகிறார்கள் என்ற கருத்து அங்கிருந்து பரவியது. 2008-இல் ஒபாமாவுக்கும் அதுதான் நடக்கும் என்றார்கள். நடக்கவில்லை, கணிப்புகளின் சராசரியும் இறுதி முடிவும் ஏழு புள்ளியை ஒட்டியே இருந்தன. அந்த செப்டம்பர் தொடக்கத்தில் ஒபாமாவை எதிர்த்து நின்ற மெக்கெய்ன் லேசாக முந்தியிருந்தார். செப்டம்பர் 15-இல் லேமன் பிரதர்ஸ் வங்கி திவாலான பிறகு அந்த முன்னிலை திரும்பவே இல்லை. அயோவா மாநிலத்தின் ஹோவர்ட் கவுண்டி (நம் மாவட்டம் போன்றது) ஏறக்குறைய முழுக்க வெள்ளையர் வாழும் கிராமப்புறம். 2012-இல் ஒபாமாவுக்கு 20 புள்ளிக்கு மேல் முன்னிலை கொடுத்தது, 2016-இல் டிரம்புக்கும் அதே அளவு கொடுத்தது.

யாருக்குப் போட்டார்கள் என்பதோடு எத்தனை பேர் வந்தார்கள் என்பதையும் பாருங்கள். கறுப்பின மக்களின் வாக்குப்பதிவு 2012-இல் 66.6 சதவீதம், 2016-இல் 59.6. விஸ்கான்சின் 23,000-க்கும் குறைவான வாக்கில் கைமாறிய ஆண்டு அது.

ஒரு சமூகத்தை ஒரே மூட்டையாகக் கட்டுவதை நாமும் செய்கிறோம். 2024-இல் டிரம்பை எதிர்த்து நின்ற கமலா ஹாரிஸின் தாத்தா ஊரான துளசேந்திரபுரத்தில் பூஜை நடந்ததைப் பார்த்து, அமெரிக்காவில் வாழும் இந்திய வம்சாவளியினர் எல்லாரும் அவருக்கே போடுவார்கள் என்று இங்கே எழுதினார்கள். பெரும்பான்மை அவர் பக்கம்தான் இருந்தது. ஆனால் 2020-ஐவிட டிரம்ப் பக்கம் சாய்ந்தவர்கள் கூடியிருந்தார்கள்.

லத்தீனோக்களிடம் இது இன்னும் கூர்மையாகத் தெரிந்தது. டெக்சஸின் தென்கோடியில், மெக்சிகோ எல்லையில் ஸ்டார் கவுண்டி இருக்கிறது. அங்கே வாழ்பவர்களில் ஏறக்குறைய 97 சதவீதம் பேர் லத்தீனோக்கள். நூறாண்டுக்கு மேலாக ஜனநாயகக் கட்சியின் கோட்டை. ஹிலாரிக்கு 79 சதவீதம் கொடுத்தது, பைடனுக்கு 52. 2024-இல் டிரம்புக்கு 57 சதவீதத்துக்கு மேல். அங்கே வசிப்பவர்கள் சுமார் 65,000 பேர். ஆயிரம் பேரிடம் கேட்கும் தேசியக் கணிப்புகள் ஐந்தை எடுத்தால், அந்த ஊர்க்காரர் ஒருவர் சிக்கலாம்.